சொந்த ஊரை ஆராய்ந்த மாணவர்: 1916 ஆம் ஆண்டின் கிராம ஆய்வும் மலைநாட்டுத் தோட்டங்களும்

அரசரின் போர்களும் முடிசூட்டு விழாக்களும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. உழுவோரும் நெய்வோரும் கொழுந்து கொய்வோரும் எவ்வாறு வாழ்ந்தனர், என்ன உண்டனர், யாருக்குக் கடன்பட்டனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அரசரின் செயல்களைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து வைத்தமைபோல, உழவனின் கடனையும் கூலியாளின் உணவையும் காத்து வைத்த ஏடுகள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தோன்றியது. அதற்குரிய செய்திகளைத் திரட்டியோர் பேரறிஞரும் அல்லர். அரசாங்க உத்தியோகத்தரும் அல்லர். விடுமுறைக்கு ஊர் சென்ற கல்லூரி மாணவர்களே அப்பணியைச் செய்தனர். அவர்கள் செய்த பணியையும், அத்தகைய பணி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் நிகழாது போனமையையும், அதனால் விளைந்த இழப்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1915 ஆம் ஆண்டின் இறுதியில் கில்பேர்ட் சிலேற்றர் என்னும் ஆங்கிலேயர் சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன்னர் ஒக்ஸ்போர்ட் நகரில், தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக 1909 முதல் பணியாற்றியவர் அவர். இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியிடப்பட்டுச் சிறு குடியானவர் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்து 1907 இல் நூல் வெளியிட்டவரும் அவரே. குடியானவனின் நிலத்தைத் தன் கல்வியின் தொடக்கமாகக் கொண்ட ஒருவர், அக்காலச் சென்னைக் கல்லூரிகளின் பொருளியற் பாடநூல்களைக் கண்டபோது என்ன எண்ணியிருப்பார் என்பதை ஊகித்தல் அரிதன்று. அந்நூல்கள் ஆங்கில நாட்டு ஆலைகளையும் வங்கிகளையும் பற்றிப் பேசின. மாணவன் பிறந்த ஊரில் ஒரு காணி நன்செய் எத்தனை கலம் நெல் தரும், அதில் குத்தகைக்காரனுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பவற்றைச் சொல்லும் நூல் ஒன்றேனும் இருந்ததில்லை.

இல்லாத நூலை மாணவரைக் கொண்டே ஆக்குவித்தார் சிலேற்றர். ஊரின் நிலப்பரப்பு, குடித்தொகை, சாதிவாரியான வீடுகள், பயிர்கள், நீர்ப்பாசனம், குத்தகை முறை, கூலி, கடன், கைத்தொழில், உணவு, குடியிருப்பு, பாடசாலை முதலியவற்றைப் பற்றிய வினாக்களைத் தொகுத்து அவர் தம் மாணவரிடம் அளித்தார். மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்கு அவ்வினாக்களைக் கொண்டுசென்று, கேட்டும் கண்டும் கணக்கிட்டும் விடைகளை எழுதி வந்தனர். 1916 இல் தொடங்கிய இம்முயற்சியின் பயன், 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1918 இல் நூலாக வெளிவந்தது. தமிழ் மாவட்டங்களைப் பொறுத்தவரையில் இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி ஆகிய ஐந்து ஊர்கள் இந்நூலால் ஆராய்ச்சி உலகில் நிலைபெற்றன.

உலகின் வேறு பகுதிகளிலும் அக்காலத்தில் இத்தகைய எண்ணம் முளைத்துக்கொண்டிருந்தது. புனா நகரை அடுத்த ஒரு சிற்றூரைப் பற்றிய ஹரோல்ட் மான் என்பாரின் நூல் 1917 இல் வெளிவந்தது. ருமேனியா நாட்டுப் பேராசிரியர் டிமிற்றி குஸ்தி 1925 முதல் தம் மாணவரைக் கூட்டங் கூட்டமாகக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று ஆராய்வித்தார். எனினும், அந்நியனாகச் செல்லாமல், ஊரின் பிள்ளையாகவே மாணவன் சென்று வினவும் முறையைத் தமிழ்நாடு முன்கூட்டியே கண்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓர் ஆய்வின் மதிப்பை அதனை மீண்டும் பயன்படுத்துவோரே காட்டுவர். சிலேற்றரின் மாணவர் எழுதிய ஊர்களைப் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1936–37 இல் மறுபடி ஆராய்ந்து 1940 இல் நூல் வெளியிட்டனர். மாகரற் ஹஸ்வெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்று ஆராய்ந்து 1967 இல் தம் நூலை வெளியிட்டார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர் அவ்வூர்களை நாடினர், எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதிய கட்டுரை 1983 இல் வெளியாயிற்று. அதே இருவேல்பட்டுக்கு 2008 இல் ஜோன் ஹரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் மீண்டும் சென்றனர். இவ்வாறு, மாணவர் சிலர் ஒரு விடுமுறையில் எழுதிய குறிப்புகள் தொண்ணூறு ஆண்டுக்கால மாற்றத்தை அளக்கும் அளவுகோலாக அமைந்தன. பின்வந்தோர் எத்துணைக் கற்றவராயினும், 1916 ஆம் ஆண்டின் நிலையைத் தாமாக அறிந்துகொள்ள இயலாது. அன்று கேட்டவன் எழுதி வைத்தமையாலேயே இன்று ஒப்பிட முடிகிறது.

இதற்குப் படியாள் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருமணம் முதலிய செலவுக்காக நிலக்கிழாரிடம் கடன் பெற்று, அக்கடன் தீராமையால் அவருக்கே உழைத்து, மகனுக்கும் அந்நிலையை விட்டுச் செல்பவன் படியாள். இருவேல்பட்டில் அத்தகையோர் வாழ்ந்த முறையைச் சிலேற்றரின் நூல் பதிந்து வைத்தது. பின்னர் வந்த ஆய்வாளர், ஊரின் பெருநிலக்கிழாரின் ஆதிக்கம் தளர்ந்ததையும் அம்முறை அழிந்ததையும் படிப்படியாகக் காட்ட இயன்றது. முதல் ஏடு இல்லையெனின், படியாள் முறை இருந்தது என்று கிழவர் சொல்லக் கேட்பதோடு வரலாறு நின்றிருக்கும்.

இவ்வாய்வுக்குக் குறையும் உண்டு. அக்காலத்தில் சர்வகலாசாலையில் அடியெடுத்து வைத்தோர் பெரும்பாலும் மேற்சாதியினர். நிலமுடைய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் தம் தெருவை உள்ளிருந்து கண்டனர். சேரியை வெளியிலிருந்து கண்டனர். படியாளின் கடனைக் கணக்கிட்ட மாணவனுடைய வீட்டிலேயே படியாள் ஒருவன் உழைத்திருக்கவுங் கூடும். சேரியிற் பிறந்த ஒருவன் அவ்வினாத்தாளைக் கையிலெடுத்திருப்பின் வேறு வினாக்களையும் சேர்த்திருப்பான் என்பதில் ஐயமில்லை. ஆராய்ச்சியில் எதைக் கேட்கவேண்டும் என்பது, கேட்பவன் எங்கு நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. இக்குறையை உளத்திற்கொண்டு மலைநாட்டை நோக்குவது பயனுடைத்து.

தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம், ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்தே இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் வந்தனர். ஆதலின் சிலேற்றரின் மாணவர் ஆராய்ந்த மாவட்டங்களும் மலைநாட்டு மக்களின் பூர்விக மாவட்டங்களும் பெரும்பாலும் ஒன்றே. 1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேதான் இந்தியத் தமிழர் முதன்முறையாகத் தனியே எண்ணப்பட்டனர். அவர்தம் தொகை ஏறத்தாழ 531,000. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. மாணவன் ஒருவன் வினாத்தாளுடன் ஊருக்குத் திரும்பிய அதே நாட்களில், அவ்வூரை அடுத்த சேரியிலிருந்து கங்காணியின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்ட குடும்பம் ஒன்று எதிர்த்திசையில் கடல் கடந்திருத்தல் கூடும். ஊரில் இருந்தவரைக் கடன் படியாளாகக் கட்டியது. தோட்டத்துக்கு வந்தவரைக் கங்காணியின் கடனும், அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டும் 1921 வரை கட்டின. ஒரே கயிற்றின் இரு முனைகள் இவை. ஒரு முனையை மாணவர் எழுதி வைத்தனர். மறுமுனையை எழுத மாணவர் இலர்.

தோட்டங்களில் ஆராய்ச்சியே நடைபெறவில்லை என்று கொள்ளுதல் தவறாகும். 1916 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு நோயை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினர். தொழிலாளரின் மலம் சோதிக்கப்பட்டது, புழுவின் முட்டைகள் நுணுக்குக்காட்டியிற் காணப்பட்டன, மருந்து கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவர், இலங்கைக்கும் மலாயாவுக்கும் குடிபெயர்ந்த இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தனர். அவர்தம் அறிக்கை 1917 இல் வெளிவந்தது. இவ்விரு முயற்சிகளும் பயனற்றவை அல்ல. ஆயின் முன்னது தொழிலாளியின் குடலை ஆராய்ந்தது; பின்னது அவனது கூலியை ஆராய்ந்தது. அவன் எந்த ஊரான், வறட்சியாலோ கடனாலோ வந்தான், தன் வாழ்வைப் பற்றித் தான் என்ன நினைத்தான் என்பவற்றை அவன் மொழியில் இருந்து கேட்டு எழுதுவார் இல்லை.

பயிருக்குக் கிடைத்த கவனத்தை நோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. பதினோராண்டு கழிந்து, 1880 இல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் கற்றுச் சில மாதங்களே ஆன ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் அந்நோயை ஆராய அனுப்பப்பட்டார். வயது இருபத்தைந்து, மாணவப் பருவத்தைக் கடந்தும் கடவாத நிலை. ஈராண்டுக் காலம் தோட்டங்களில் கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் மிதந்து வந்த நோய்வித்துக்களைப் பிடித்து, அவை இலையுட் புகுந்து வளரும் முறையை முழுவதும் விளக்கினார். கோப்பியைக் காக்க அவரால் இயலவில்லை. எனினும் பயிர்நோயியல் என்னும் துறைக்கே அவருடைய ஆராய்ச்சி அடிப்படையாயிற்று. தேயிலைக்கோ 1925 இல் தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர்த் தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அழிக்க 1935–36 இல் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வெற்றி கண்டது அந்நிலையம். இலைக்கு நோய் வந்தபோது சர்வகலாசாலை ஆளனுப்பியது. இலையைக் கொய்த கையை ஆராயச் சர்வகலாசாலைக்கு மேலும் எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இந்நிலைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கல்வி. வினாத்தாளைக் கொண்டு வீடு திரும்ப, முதலில் வீட்டிலிருந்து ஒருவன் கல்லூரிக்குச் சென்றிருத்தல் வேண்டும். 1907 ஆம் ஆண்டின் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் பாடஞ்சொல்ல வகைசெய்யும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. பிரட்டுக் களத்துக்கருகே ஒரே அறையில் நடந்த பாடசாலை எழுத்தையும் எண்ணையும் கற்பித்ததோடு அமைந்தது. பத்து வயதின் பின் பிள்ளை கொழுந்துக் கூடையை ஏந்தியது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் இப்பாடசாலைகளை உடனே வந்தடையவில்லை. 1977 முதற்கொண்டே அரசாங்கம் அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது.

இரண்டாவது காரணம், வாயில். தோட்டத்து வீதியும் லயமும் தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைதல் சட்டப்படி குற்றம். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, பின்னாளில் அற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்த கோ. நடேசய்யர், தோட்ட மக்களின் நிலையை நேரிற் காண விரும்பியபோது புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். இங்கிலாந்திலிருந்து வந்த தாவரவியலார் பகலில் வரவேற்கப்பட்ட இடத்தில், தமிழ்ப் பத்திரிகையாளர் தலையில் மூட்டையுடன் நுழைய நேர்ந்தது. மலைநாட்டுச் சமூக ஆராய்ச்சியின் முதல் ஆய்வாளர் அவரே எனினும் மிகையாகாது.

எழுதப்படாத வரலாற்றுக்கு விலையுண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும் அவ்விலையைக் காட்டின. 1946 ஆம் ஆண்டு தைமாதம் முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமையை விண்ணப்பகாரர் நிறுவுதல் வேண்டும். எப்போது வந்தாய், எத்தோட்டத்தில் இருந்தாய், எத்தனை மாதம் ஊருக்குப் போய் நின்றாய் என்ற வினாக்கள் அன்றுதான் லயத்து மக்களிடம் முறையாகக் கேட்கப்பட்டன. கேட்டவர் அதிகாரி, சான்றாக வேண்டப்பட்டது தோட்டத்துச் செக்றோல் ஏடும் பிறப்புப் பதிவும். இரண்டும் பிறர் கையில் இருந்தவை. மாணவர் எவரேனும் எழுதிய ஏடு இருந்திருப்பினும் சட்டம் அதனை ஏற்றிருக்கும் என்று கூறுதல் இயலாது. ஆனால் தன் கதையைத் தானே எழுதி வைத்திராத சமூகம், தன்னைப் பற்றிப் பிறர் எழுதியதை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974 இல் முடிவாயிற்று. பாட்டன் விட்டுவந்த ஊரின் பெயரையும் மறந்துவிட்ட குடும்பங்கள் பல, 'சொந்த ஊருக்கு' அனுப்பப்பட்டன.

1950களில் இலங்கை சமூக ஆராய்ச்சியாளரின் களமாக விளங்கியது. கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து எட்மண்ட் லீச், நூர் யல்மான் ஆகியோர் சிங்களக் கிராமங்களுக்கும், மைக்கல் பாங்ஸ் யாழ்ப்பாணத்துக்கும் சென்றனர். இலங்கைச் சர்வகலாசாலை பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய, சர்க்கார், தம்பையா ஆகிய இருவரும் எழுதிய நூல் 1957 இல் வந்தது. அக்கிராமங்களுக்கு மேலுள்ள மலைகளில் தேயிலை இருந்தது. ஆயினும் லயங்களுக்கு ஆய்வாளர் ஏறி வரவில்லை. 1960களில் இந்தியரான ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களில் தங்கி ஆராய்ந்து, 1975 இல் அவற்றின் சாதியமைப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். அதன்பின் நோர்வே நாட்டு ஒட்வார் ஹொலுப் (1994), அமெரிக்காவிலிருந்து வந்த டானியல் பாஸ் (2013), மைத்திரி ஜெகதீசன் (2019) முதலியோரின் நூல்கள் வந்தன. இவர்களுட் பலர் மாணவராகவே தோட்டத்துக்கு வந்தவர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயின் அந்நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆராயப்பட்ட லயத்தில் அவற்றைப் படிப்போர் அரியர்.

சர்வகலாசாலையின் துணையின்றித் தமிழிலே இப்பணியை மேற்கொண்டோரும் உளர். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல் நாடன் நடேசய்யரின் வரலாற்றையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் எழுதினார். வினாத்தாளும் பேராசிரியரும் இல்லாத இடத்தில், தாம் பிறந்த மண்ணின்மீது கொண்ட பற்றே அவர்களை ஆய்வாளராக்கிற்று. இன்று நிலைமை மாறியுள்ளது. லயத்திற் பிறந்த பிள்ளைகள் பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்கின்றனர். சிறப்புப் பட்டத்துக்கென ஆய்வேடு எழுதுகின்றனர். சிலேற்றருக்குக் கிட்டாத மாணவர், சேரியை உள்ளிருந்து கேட்கக் கூடியவர், இப்போதுதான் தோன்றியுள்ளனர்.

இம்மாணவர் கேட்கத்தக்க வினாக்கள் பல. அற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் எனப் பிரியும் நோர்வூட்டையே எடுத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. மலைகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அப்பெயர்கள் எந்தக் கங்காணியை, எந்த மரத்தை, எந்த விபத்தை நினைவூட்டுகின்றன? ஒவ்வொரு லயத்தின் குடும்பமும் எந்த மாவட்டத்து எந்த ஊரிலிருந்து வந்தது? காமன் கூத்தில் எவர் எவ்வேடம் ஏற்கும் உரிமை பெற்றனர். அவ்வுரிமை எப்போது மாறிற்று? கொழுந்து கொய்யும் பெண்டிர் எத்தனைக் களைகளைப் பெயர் சொல்லி அறிவர். அவற்றுள் மருந்தாவன எவை? எவரெவர் 1964 இன் பின் இந்தியாவுக்குச் சென்றனர், எவ்வூரில் குடியேறினர்? இவ்வினாக்களுக்கு நுணுக்குக்காட்டியும் வேண்டா, பெருநிதியும் வேண்டா. ஓர் ஏடும், பொறுமையும், பாட்டியின் அருகே அமரும் பழக்கமும் போதும்.

காலந் தாழ்த்தலாகாது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த வழியே 2023 இல் நடைபவனி சென்று, மலையகம் 200 ஆண்டு நிறைவை மக்கள் நினைவு கூர்ந்தனர். வழியை நடந்து காட்டலாம். வழியில் வந்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டே அறிதல் வேண்டும். அவற்றை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். பழைய லயங்கள் இடிக்கப்படும் இடத்தில் புதிய வீடுகள் எழுவது மகிழ்ச்சிக்குரியது. எனினும் எந்த அறையில் எந்தக் குடும்பம் எத்தனைத் தலைமுறை வாழ்ந்தது என்பதை இடிப்பதற்கு முன்னரே எழுதிக்கொள்ளுதல் நன்று.

1916 இல் வினாத்தாளுடன் ஊர் சென்ற மாணவர், தம் குறிப்புகளைத் தேடி 2008 இலும் அறிஞர் வருவர் என எண்ணியிருக்க மாட்டார். கேட்டதைக் கேட்டவாறு, கண்டதைக் கண்டவாறு எழுதினர், அவ்வளவே. மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தைப் பற்றி அவ்வாறு ஒரு விடுமுறையில் எழுதி, கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு பிரதியை வைப்பாராயின், தொண்ணூறு ஆண்டு கழித்து வருவோர் ஒப்பிடுவதற்கு ஒரு முதல் ஏடு இருக்கும்.